ஸ்டென்ட், செயற்கை மூட்டு, கண் லென்ஸ்: மருத்துவக் கருவிகளின் உலக வணிகமும் உங்கள் சிகிச்சைச் செலவும்

திண்டுக்கல், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம், நிலக்கோட்டை பகுதிகளிலிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பத்தினர் மருத்துவரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஃபாரின் ஸ்டென்ட் வைப்பதா, நம் நாட்டு ஸ்டென்ட் போதுமா?” நகையை அடகு வைப்பதா, நிலத்தை விற்பதா என்ற கவலையும் அதற்குப் பின்னால் இருக்கிறது. மருத்துவக் கருவிகள் எந்த நாடுகளிலிருந்து வருகின்றன, அவற்றின் விலையையும் கிடைப்பையும் யார் தீர்மானிக்கின்றனர், நோயாளியாக உங்களுக்குள்ள பாதுகாப்புகள் யாவை என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியச் செய்திகள்

• வெளிநாட்டுக் கருவி என்பதோ அதிக விலை என்பதோ தரத்துக்குச் சான்றாகாது. உரிமமும் ஆய்வுச் சான்றுமே அளவுகோல்.
• இதய ஸ்டென்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் மத்திய அரசு உச்சவரம்பு விலை நிர்ணயித்துள்ளது. எந்த நாட்டுத் தயாரிப்பாயினும் இது பொருந்தும்.
• உடலில் பொருத்தப்பட்ட கருவியின் பெயர், தொகுதி எண் அடங்கிய ஒட்டுச்சீட்டை வாழ்நாள் முழுவதும் பாதுகாக்க வேண்டும்.
• தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இச்செலவுகளை ஏற்கிறது. கடன் வாங்கும் முன் இதை விசாரியுங்கள்.

நாம் பயன்படுத்தும் கருவிகள் எங்கிருந்து வருகின்றன?

இந்தியாவில் பயன்படும் மருத்துவக் கருவிகளில், மதிப்பின்படி 70 முதல் 80 விழுக்காடு வரை இறக்குமதியானவை என மத்திய அரசின் மருந்துகள் துறை கூறிவருகிறது. அமெரிக்கா, சீனா, ஜெர்மனி, சிங்கப்பூர், நெதர்லாந்து ஆகியவை நமக்கு அதிகமாக விற்கும் நாடுகள். 2022-23, 2023-24 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் இறக்குமதியின் மதிப்பு 60,000 கோடி ரூபாயைக் கடந்தது.

ஊசி, சலைன் குழாய், கட்டுத்துணி, மருத்துவமனைக் கட்டில் போன்றவற்றை நம் நாடே பெருமளவில் தயாரித்து ஏற்றுமதியும் செய்கிறது. சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. போன்ற விலை உயர்ந்த இயந்திரங்களில்தான் வெளிநாட்டுச் சார்பு மிகுதி. அமெரிக்கா, ஜெர்மனி, நெதர்லாந்து, ஜப்பான் நாடுகளைச் சேர்ந்த சில நிறுவனங்களே உலகச் சந்தையின் பெரும்பகுதியை வைத்துள்ளன. டாலரின் மதிப்பு உயர்ந்தால் இயந்திரத்தின் விலை உயர்கிறது. உதிரிபாகம் கடல் கடந்து வரவேண்டியிருந்தால் பழுது நீக்கவும் நாளாகிறது. உள்ளூர் மருத்துவமனையில் ஸ்கேன் நாள் தள்ளிப்போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஒரு நாட்டுக்குச் செல்வாக்கு எவ்வாறு உண்டாகிறது?

இவ்வணிகத்தில் ஒரு நாட்டின் செல்வாக்கு நான்கு வழிகளில் அமைகிறது.

முதலாவது, உற்பத்தி. ஒரு பொருளைச் சில நாடுகள் மட்டுமே மிகுதியாகத் தயாரிக்கும்போது மற்ற நாடுகள் அவற்றையே நம்பியிருக்க நேர்கிறது. உலகில் பயன்படும் இரப்பர் கையுறைகளில் பாதிக்கும் மேற்பட்டவை பல்லாண்டுகளாக மலேசியாவிலிருந்தே வந்தன.

இரண்டாவது, வாங்கும் ஆற்றல். பெரிய சந்தையை வைத்திருக்கும் நாடு, தன்னிடம் விற்பதற்கு நிபந்தனை விதிக்க இயலும். 2025 ஜூன் மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம், 50 லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட அரசு மருத்துவக் கருவிக் கொள்முதல்களிலிருந்து சீன நிறுவனங்களை விலக்கியது. அடுத்த மாதமே சீனா தன் கொள்முதலில் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு எதிர்க் கட்டுப்பாடு விதித்தது.

மூன்றாவது, அனுமதி அளிக்கும் அதிகாரம். அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் ஒழுங்குமுறை அமைப்புகள் ஏற்றுக்கொண்ட கருவியைப் பிற நாடுகளும் எளிதில் ஏற்கின்றன. இந்தியாவின் மருத்துவக் கருவிகள் விதிகள், 2017, இந்நாடுகளில் விற்பனைக்கு அனுமதி பெற்ற கருவிகளின் இறக்குமதி உரிமத்துக்குச் சில சலுகைகளை அளிக்கின்றன.

நான்காவது, ஏற்றுமதியைத் தடுக்கும் ஆற்றல். 2020 மார்ச் மாதத்தில் கொரோனா பரவியபோது ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்பு உடைகளின் ஏற்றுமதிக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. இந்தியாவும் அதே மாதத்தில் வென்டிலேட்டர் ஏற்றுமதியைத் தடை செய்தது. பணம் இருந்தும் கருவி கிடைக்காத நிலையைப் பல நாடுகள் அப்போது சந்தித்தன.

ஸ்டென்ட் விலை: உலக வணிகம் நோயாளியின் செலவைத் தொட்ட நிகழ்வு

இதய இரத்தக் குழாயின் அடைப்பை விரித்தபின், அது மீண்டும் சுருங்காதிருக்க உள்ளே வைக்கப்படும் நுண்ணிய உலோகவலைக் குழாயே ஸ்டென்ட். 2017க்கு முன் மருந்து பூசிய ஸ்டென்டின் சராசரி அதிகபட்ச சில்லறை விலை 1,21,400 ரூபாய். மருந்து பூசாத ஸ்டென்டின் விலை 45,100 ரூபாய். தயாரிப்பாளரிடமிருந்தோ இறக்குமதியாளரிடமிருந்தோ புறப்பட்டு, விநியோகஸ்தர் வழியாக மருத்துவமனையைச் சேர்வதற்குள் விலை பல மடங்காகப் பெருகியது.

ஒரு வழக்கறிஞர் தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கைத் தொடர்ந்து, 2016ஆம் ஆண்டு ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 13.02.2017 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பை அறிவித்தது: மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், மருந்து பூசாததற்கு 7,260 ரூபாய், வரி தனி. அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று செயற்கை முழங்கால் மூட்டுக்கும் உச்சவரம்பு வந்தது. சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்கப்பட்ட கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை 54,720 ரூபாயாகவும் வரியாகவும் குறைந்தது. இவ்விலைகள் பின்னர் அவ்வப்போது திருத்தப்பட்டு வருகின்றன. ஆகவே சிகிச்சையின்போது அன்றைய விலையைக் கேட்டறிய வேண்டும்.

இந்த ஆணைக்குக் கடல் கடந்தும் எதிர்வினை எழுந்தது. சில வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் புதிய வகை ஸ்டென்ட்களை இந்தியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ள விண்ணப்பித்தன. புதிய வகைகளுக்குத் தனி விலை தராவிட்டால் புதிய தொழில்நுட்பம் இந்திய நோயாளிகளுக்குக் கிடைக்காமல் போகும் என்பது அவற்றின் வாதம். 2018 பிப்ரவரியில் விலையைத் திருத்தியபோது ஆணையம் அத்தகைய தனிப்பிரிவை ஏற்கவில்லை.

வளரும் நாடுகளின் பொருள்களுக்கு அமெரிக்கா அளித்துவந்த பொது முன்னுரிமை வரிச்சலுகையை இந்தியாவுக்குத் தொடரலாமா என்று 2018ஆம் ஆண்டு அந்நாடு மறுஆய்வைத் தொடங்கியது. அமெரிக்க மருத்துவக் கருவித் தொழில்துறையின் மனு அதற்கான காரணங்களுள் ஒன்று. பால் பொருள் தொழில்துறையின் மனு மற்றொன்று. 05.06.2019 முதல் இந்தியாவுக்கான சலுகை விலக்கப்பட்டது. மருத்துவக் கருவிகளோடு தொடர்பே இல்லாத இந்திய ஏற்றுமதியாளர்களும் இதனால் பாதிக்கப்பட்டனர். ஆயினும் ஸ்டென்டின் விலை உச்சவரம்பு நீக்கப்படவில்லை. இன்றும் நடைமுறையில் உள்ளது.

உங்கள் மருத்துவமனை இரசீதில் உள்ள ஓர் எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய இழுபறி நடந்துள்ளது. அந்த எண் உங்கள் உரிமை. அதைச் சரிபார்ப்பதற்குத் தயங்க வேண்டாம்.

வெளிநாட்டுக் கருவியே சிறந்ததா?

“விலை அதிகம் என்றால் நன்றாக உழைக்கும்” என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. மருத்துவக் கருவிகளைப் பொறுத்தவரை இது சரியன்று. சூரத்தில் தயாரிக்கப்படும் ஒரு மருந்து பூசிய ஸ்டென்ட், ஐரோப்பாவின் 23 மையங்களில் 1,435 நோயாளிகளிடம், உலகெங்கும் பயன்படும் ஒரு வெளிநாட்டு ஸ்டென்டோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. ஓராண்டு முடிவில் இந்திய ஸ்டென்ட் எதிர்பார்த்த அளவில் பின்தங்கவில்லை என்பது 2019ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியானது.

நமக்கு அருகிலேயே இன்னொரு சான்று உண்டு. கண்புரை அறுவையில் வைக்கப்படும் கண் லென்ஸ் ஒரு காலத்தில் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இறக்குமதியானது. 1992ஆம் ஆண்டு மதுரையில், அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து தொடங்கப்பட்ட ஆரோலேப், அதே லென்ஸை மிகக் குறைந்த விலையில் தயாரிக்கத் தொடங்கியது. இன்று அந்நிறுவனத்தின் பொருள்கள் 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டு, பின்னர் பல்லாயிரம் பேருக்குப் பயன்பட்டது.

இதனால் உள்நாட்டுக் கருவிகள் அனைத்தும் சிறந்தவை என்றோ, வெளிநாட்டுக் கருவிகள் தேவையற்றவை என்றோ பொருளில்லை. இரத்தக் குழாயின் அளவு, அடைப்பின் தன்மை, நோயாளியின் வயது, சர்க்கரை நோய் போன்றவற்றைக் கருதியே மருத்துவர் கருவியைத் தேர்கிறார். ஸ்டென்ட் வைத்தபின் எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதைவிட, இரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் மாத்திரைகளை ஒரு நாளும் விடாமல் உட்கொள்வதே முக்கியம். பல் பிடுங்குவதற்காகவோ வேறு அறுவைக்காகவோ அவற்றை நிறுத்த நேர்ந்தால், முதலில் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தரம் எவ்வாறு கண்காணிக்கப்படுகிறது?

ஆபத்தின் அளவைப் பொறுத்து மருத்துவக் கருவிகள் ஏ, பி, சி, டி என நான்கு வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. டிஜிட்டல் தெர்மாமீட்டர் போன்றவை குறைந்த ஆபத்துள்ள பிரிவுகளிலும், இதய ஸ்டென்ட், இதய வால்வு போன்றவை மிகுந்த ஆபத்துள்ள டி பிரிவிலும் அடங்கும். 01.04.2020 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின்படி மருந்துகளாகக் கருதப்படுகின்றன. ஏ, பி வகைகளுக்கு 2022 அக்டோபர் முதலும், சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபர் முதலும் உரிமம் கட்டாயமாயிற்று. இறக்குமதிக் கருவிகளுக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பே உரிமம் வழங்குகிறது.

இக்கண்காணிப்பின் தேவையை இடுப்பு மூட்டு ஒன்றின் வரலாறு உணர்த்துகிறது. உலோகத்தோடு உலோகம் உராயும் வகையைச் சேர்ந்த ஒரு செயற்கை இடுப்பு மூட்டு பல நாடுகளில் பொருத்தப்பட்டு வந்தது. ஆஸ்திரேலியாவில் மூட்டு மாற்று சிகிச்சைகள் அனைத்தையும் பதியும் தேசியப் பதிவேடு உண்டு. இம்மூட்டு பொருத்தப்பட்டவர்களுக்கு மறு அறுவை அதிகம் தேவைப்படுவதை அப்பதிவேடு காட்டியது. 2009 டிசம்பரில் அது அங்கு விலக்கப்பட்டது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகளில் இது பொருத்தப்பட்டிருந்தது. அவர்களில் பெரும்பாலானோரைக் கண்டறிந்து தகவல் தெரிவிக்க இயலவில்லை. யாருடைய உடலில் எந்தக் கருவி உள்ளது என்ற பதிவு முறையாக இல்லாததே இதற்குக் காரணம். மேலைநாட்டுப் பெரிய நிறுவனத்தின் தயாரிப்பு என்பதும் அதிக விலை என்பதும் அந்நோயாளிகளைக் காக்கவில்லை.

கருவிகளால் ஏற்படும் பாதிப்புகளைத் திரட்ட, 2015ஆம் ஆண்டு முதல் இந்திய மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டம் செயல்படுகிறது. நோயாளிகளும் இதில் நேரடியாகப் புகார் அளிக்கலாம்.

வீட்டில் பயன்படுத்தும் கருவிகள்

குளுக்கோமீட்டர், இரத்த அழுத்தமானி, நெபுலைசர், ஆக்சிமீட்டர் போன்றவற்றில் பல சீனாவிலிருந்து முழுமையாகவோ பாகங்களாகவோ வருகின்றன. இவற்றின் விலையும் நெருக்கடிக் காலத்தில் எளிதில் ஏறிவிடுகிறது. 2020 ஏப்ரலில், சீனாவிலிருந்து 245 ரூபாய் அடக்கத்தில் இறக்குமதியான ஒரு விரைவுப் பரிசோதனைக் கருவி, 600 ரூபாய்க்கு விற்கப்பட்டது தில்லி உயர் நீதிமன்ற வழக்கொன்றில் வெளிப்பட்டது. 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என நீதிமன்றம் கூறியது. அக்கருவிகளின் முடிவுகள் நம்பத்தக்கவையாக இல்லாததால், பயன்பாட்டை நிறுத்தித் திருப்பி அனுப்புமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 2021 ஜூன் மாதத்தில் ஆக்சிஜன் செறிவூட்டிகளின் வணிக இலாபம் 198 விழுக்காடு வரை சென்றது கண்டறியப்பட்டது. விநியோகஸ்தருக்குத் தரப்படும் விலைக்கு மேல் 70 விழுக்காட்டுக்கு மிகாத இலாபமே கொள்ள வேண்டும் என மத்திய அரசு வரம்பிட்டது.

வீட்டுக் கருவி வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

• பெட்டியின் மேல் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள் ஆகியவை இருக்க வேண்டும். இறக்குமதியாயின் இறக்குமதியாளரின் பெயரும் இறக்குமதி உரிம எண்ணும் இருக்க வேண்டும்.
• குளுக்கோமீட்டரின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கான சோதனைப் பட்டையின் விலையையும், அது உங்கள் ஊர் மருந்துக் கடையில் தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். மாதந்தோறும் ஆகும் செலவு பட்டைக்குத்தான்.
• புதிய இரத்த அழுத்தமானியை ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் சென்று, அங்குள்ள கருவியின் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.
• வீட்டில் கருவி வாங்க இயலாதவர்கள் வருந்த வேண்டாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களின் இல்லத்துக்கே வந்து பரிசோதித்து மாத்திரை வழங்குகின்றனர்.

கருவி பொருத்தும் முன் கேட்க வேண்டியவை

1. இக்கருவி எனக்கு ஏன் தேவை? மருந்தாலோ வேறு சிகிச்சையாலோ பயன் உண்டா?
2. எந்த வகை, எந்த நிறுவனம்? இந்தியாவில் விற்க உரிமம் பெற்றதா?
3. இன்றைய உச்சவரம்பு விலை எவ்வளவு? இரசீதில் கருவியின் விலை தனியாகக் காட்டப்படுமா?
4. கருவியின் விலை தவிர, அறுவைக் கட்டணம், பலூன், கம்பி உள்ளிட்ட பிற பொருள்கள் அனைத்தும் சேர்ந்து மொத்தச் செலவு எவ்வளவு? ஒரு பொருளுக்கு மட்டும் விலை வரம்பு இருப்பதால் மொத்தத் தொகையைக் கேட்பது அவசியம்.
5. காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் செய்ய இயலுமா?

நெஞ்சுவலி போன்ற அவசர நிலையில் இக்கேள்விகளுக்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது. உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். விலை பற்றிய விவரங்களைப் பின்னர் கேட்டுப் பெறலாம்.

பொருத்தியபின் பாதுகாக்க வேண்டியவை

• ஸ்டென்ட் பொருத்தும் மருத்துவமனை, அதன் பெயர், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர், தொகுதி எண், விலை ஆகியவற்றை இரசீதில் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்பது விலை ஆணையின் விதி.
• கருவியின் பெட்டியிலிருந்து எடுத்து நோயாளிக் குறிப்பில் ஒட்டப்படும் சீட்டின் ஒரு பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து, குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.
• எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் உடலில் உள்ள பேஸ்மேக்கர், மூட்டு, ஸ்டென்ட் பற்றிக் கட்டாயம் தெரிவியுங்கள்.
• முகவரியோ கைப்பேசி எண்ணோ மாறினால் சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் தெரிவியுங்கள். கருவி திரும்பப் பெறப்பட்டால் உங்களைத் தொடர்புகொள்ள இதுவே வழி.

அரசு உதவிகள்

1994ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளையும் கருவிகளையும் ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. உலக வணிகத்தில் வாங்கும் ஆற்றலே ஒரு நாட்டுக்குப் பலம் தருவதுபோல, தனி நோயாளி பேச இயலாத விலையை மாநிலம் முழுவதற்குமான கொள்முதல் பேச வைக்கிறது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள திட்ட மையத்தை அணுகுங்கள். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை ஆகியவற்றின் காப்பீட்டுப் பிரிவிலும் விவரம் கேட்கலாம்.

உள்நாட்டு உற்பத்தியைப் பெருக்க, 2023 ஏப்ரலில் தேசிய மருத்துவக் கருவிகள் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டில் ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்கவும் ஒப்புதல் வழங்கப்பட்டுள்ளது. இவற்றின் பயன் நோயாளியை வந்தடையச் சில ஆண்டுகள் ஆகும். விலை உச்சவரம்பும், காப்பீடும், உங்கள் கையிலுள்ள ஒட்டுச்சீட்டும் இன்றே பயன் தருபவை.

தொடர்புக்கு

• மருத்துவ ஆலோசனையும் அரசு சுகாதாரச் சேவை விவரமும்: 104
• அவசர ஊர்தி: 108
• உச்சவரம்பை மீறிய விலை குறித்த புகார், தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம்: 1800 111 255
• மருந்து அல்லது கருவியால் ஏற்பட்ட பாதிப்பைத் தெரிவிக்க: 1800 180 3024
• உரிமமற்ற கருவி விற்பனை குறித்து: மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளர்

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது அறிவுக்கானவை. உங்கள் உடல்நிலைக்கேற்ற சிகிச்சையை உங்கள் மருத்துவருடன் கலந்து முடிவு செய்யுங்கள்.